ஆறு சுற்று, பதிமூன்று நிமிடம்

காதில் ஒன்றும் இல்லை என்பதே முதல் பத்தடி ஓடிய பிறகுதான் தெரிகிறது. இயர்போன் என் போனோடு வீட்டில், சமையல் மேடையில், மிக்சிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. இந்நேரம் அதன்மேல் சட்னி தெறித்திருக்கும். திரும்பிப் போக முடியாது. அப்பா போனில் கடிகாரத்தை அமுக்கிவிட்டார், "ஓடு அம்மிணி" என்றும் சொல்லிவிட்டார், இனி ஆறு சுற்று முடியும்வரை இந்த மைதானத்தின் சத்தம் முழுக்க எனக்குத்தான். பதினெட்டு நாளாக இங்கே ஓடுகிறேன், இதற்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று தெரியாது. கிழக்கு மூலையில் சிரிப்பு மன்றத்துக்காரர்கள் வட்டமாக நின்று கையை வானத்துக்குத் தூக்கிச் சிரிக்கிறார்கள், யாரும் எதுவும் சொல்லாமலே. சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்ட டீச்சரம்மா எதிர்த்திசையில் நடந்து வருகிறார், அவருடைய இடது ஷூ மட்டும் கீச்சிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே என் மூச்சு, வெயிலில் அலைந்த நாய் சட்டியில் தண்ணீர் நக்குவதுபோல. பதினெட்டு நாளாக இப்படியா எல்லோரையும் கடந்து போயிருக்கிறேன். டீச்சரம்மா சிரிக்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன், தரையில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்க்கிறேன். ஒரு சுற்று நானூறு மீட்டர். ஆறு சுற்றைப் பதிமூன்று நிமிடத்துக்குள் ஓடப் பழகிக்கொண்டு வரவும் என்று ராணுவ அகாடமி அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. நேற்று நான் ஓடியது பதினான்கு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி. முந்தாநாள் பதினான்கு ஐம்பத்தெட்டு. இந்த வேகத்தில் முன்னேறினால் பதிமூன்றைத் தொட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பயிற்சிக்குக் கிளம்பப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கல்லூரியிலிருந்து விசாலாட்சி மேடம் நேற்றுச் சாயங்காலம் பேசினார், எங்கள் கணிதத் துறைத் தலைவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், "தாரணி, கெஸ்ட் லெக்சரர் இடம் ஒண்ணு காலியா இருக்கும்மா, நீ வர்றதா இருந்தா காலைல ஏழு மணிக்குள்ள சொல்லிரு, நான் முதல்வரைப் பார்க்கப் போறேன்" என்றார். சரி மேடம், சொல்றேன் மேடம். அதன்பிறகுதான் எனக்குள்ளேயே அந்த ஒப்பந்தத்தைப் போட்டுக்கொண்டேன். இன்றைக்குப் பதிமூன்றுக்குள் வந்தால் அகாடமி. வராவிட்டால் கல்லூரி. அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. அம்மா பாவம், கடிதத்தோடு வந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறாள். கறுப்புப் பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி, வெள்ளைச் சாக்ஸ் ஆறு ஜோடி, பூட்டு இரண்டு, ஷூ பாலிஷ், பிரஷ். ஒரு நல்ல சேலை என்று போட்டிருந்ததற்கு மூன்று எடுத்துவிட்டாள். முடியை வெட்டவேண்டியிருக்குமா என்று மட்டும் தினம் ஒருமுறை கேட்கிறாள், கழுத்துக்கு மேலே நிற்கவேண்டும் அம்மா, அல்லது இறுக்கிக் கொண்டை போடவேண்டும், அவ்வளவுதான் என்றால், "கொண்டைன்னா நான் போட்டு விட்டர்றேன்" என்கிறாள். நான் பொள்ளாச்சியில் இருக்கப் போவதில்லை என்பது அந்த ஓர் இடத்தில் மட்டும் அவளுக்கு மறந்துபோகிறது. கோல் கம்பம் வருகிறது. அப்பா கம்பத்தில் சாய்ந்து நிற்கிறார், ஒரு கையில் போன், ஒரு கையில் தண்ணீர் பாட்டில். நான் கோட்டைத் தாண்டும்போது வாய்க்குள்ளே சொல்கிறார், மந்திரம் மாதிரி, "லாபம்."

லாபம். சிரிப்பு வந்துவிட்டது, ஓடும்போது சிரித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும் என்று என்.சி.சி. ஷைனி அக்கா சொல்லியிருக்கிறாள், அடக்கிக்கொண்டேன். இத்தனை நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா. எனக்கு இயர்போனில் அக்கா அனுப்பிய குரல் பதிவுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா தேங்காய் மண்டியில் முப்பது வருடமாக எண்ணுகிறவர். குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கையிலும் இரண்டு காயாகத் தூக்கி வீசுவார், வீசும்போது பாட்டு மாதிரி எண்ணிக்கை வரும். சின்ன வயதில் லீவு நாளில் நானும் களத்துக்குப் போவேன், உரித்த மட்டையின் மேல் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் அள்ளும் காய்களை "லாபம்" என்று தனியே ஓர் ஓரமாகப் போடுவார். அது வாங்குகிறவருக்கு மனசு குளிர. அதன்பிறகுதான் ஒண்ணு, ரெண்டு. வீட்டிலும் இந்தப் பழக்கம் போகாது. அம்மா சுட்டு அடுக்கிய இட்லியை எண்ணினாலும் லாபத்தில்தான் தொடங்குவார், கல்யாணப் பத்திரிகையை எண்ணினாலும் அப்படித்தான். சாப்பாடு என்றதும் நினைவு வருகிறது, கத்தி, முள்கரண்டி. அங்கே சாப்பாட்டு மேசையில் எல்லாமே அதில்தானாம். ஷைனி அக்கா கல்லூரியில் என்.சி.சி.யில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள், நாகர்கோவில்காரி, போன வருடம் பயிற்சி முடித்து இப்போது வடக்கே எங்கேயோ பனிக்குள் லெப்டினன்ட். நான் தேர்வானது தெரிந்ததிலிருந்து தினமும் குரல் பதிவு அனுப்புகிறாள். "ஏ பிள்ளே, மொதல் நாளு கேட்ல எறங்கினதும் ஒம் பெட்டிய நீயேதான் தூக்கணும், கேட்டியா. அப்பா தூக்குவாருன்னு நெனைக்காத. அவரு கேட்டோட சரி." அடுத்ததில், "டிரெஸ் மாத்த அஞ்சு நிமிஷம் குடுப்பாவ. ஓட்டத்துக்கு ஒண்ணு, டிரில்லுக்கு ஒண்ணு, கிளாசுக்கு ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணு. நீ இப்பமே வீட்ல பழகு." பழகினேன். கதவைச் சாத்திக்கொண்டு சுடிதாரிலிருந்து டிராக் சூட்டுக்கு, டிராக் சூட்டிலிருந்து சேலைக்கு. சேலைக்கு மட்டும் பதினொரு நிமிடம். மடிப்பு வைத்தது எனக்கே பிடிக்கவில்லை. முள்கரண்டியால் தோசை சாப்பிட்டும் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது செத்துப் போச்சு, இனிமே குத்தாதே" என்றாள். அப்பா அவருடைய தோசையையும் தட்டில் முள்கரண்டியோடு வைத்துக்கொண்டு எனக்குத் துணையாகக் குத்தினார், பாதித் தோசை மடியில். இதெல்லாம் சிரிப்புத்தான். மாட்டேன் என்று சொல்ல வைக்கிற விஷயம் ஒன்றும் இதில் இல்லை. நீச்சல் குளத்தில் உயரத்திலிருந்து குதிக்கவேண்டுமாம், "கண்ண மூடாத, மூடினா இன்னொரு தரம் குதிக்கச் சொல்லுவாவ" என்றாள், அதுகூடப் பரவாயில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது எனக்கு வரும், அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். மணல் ஈரமாக இருக்கிறது இந்தப் பக்கம், ஷூவில் ஒட்டுகிறது. கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கிறது, குளிர்ச்சியாக, யாரோ ஈரத் துண்டை உதறியதுபோல. கோல் கம்பம். "ஒண்ணு" என்கிறார் அப்பா.

என்னைத் தடுப்பது குரல். அதை ஷைனி அக்காவிடமும் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில், ஐந்து நாளில் நான்காம் நாள், எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி, நரைத்த மீசை, மேசைமேல் பென்சிலை நேராக வைத்து மறுபடி நேராக வைத்துக்கொண்டிருந்தவர், நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தார். பத்தாவது கேள்வியில் அவருடைய நெஞ்சு மேசையைத் தொட்டது. "பதில் எல்லாம் நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும்தான் கேட்கிறது" என்றார். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டார்கள். குழுவாகப் பலகையும் கயிறும் வைத்துப் பள்ளத்தைத் தாண்டும் சோதனையில் எட்டுப் பேரில் ஏழு பேர் ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் பேசாமல் போய்ச் சின்னப் பலகையைத் தூக்கி வைத்தேன், நீளப் பலகை நடுவில் லேசாக விரிசல் விட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அதைத்தான் குறித்துக்கொண்டார்களோ என்னவோ. பலகை வைப்பதற்குக் குரல் வேண்டாம். ஆனால் அணிவகுப்புக்கு வேண்டும். அக்கா சொல்கிறாள், ஒவ்வொருவரையும் முறை வைத்து நிறுத்துவார்களாம், மைதானத்தின் அந்தக் கோடியில் ஆட்கள் நிற்பார்கள், இந்தக் கோடியிலிருந்து நீ கத்தவேண்டும், விறைத்து நிற்க சாவ்தான், தளர்ந்து நிற்க விஸ்ராம், நீ கத்தாவிட்டால் அவர்கள் அசையமாட்டார்கள். நாற்பது பேர் அசையாமல் நின்று எனக்காகக் காத்திருக்கும் அந்த நிமிடத்தை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன். வெயில் இருக்கிறது அதில். ஒருத்தியின் மூக்கில் வியர்வை இறங்குகிறது, துடைக்க முடியாது, நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. என்.சி.சி.யிலும் இதே கதைதான், நான் கத்தினால் பக்கத்தில் நிற்பவள் மட்டும் திரும்புவாள், மற்றவர்கள் அவளைப் பார்த்துத் திரும்புவார்கள், அப்படியே மூன்று வருடம் ஓட்டினேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் "இறங்கணுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்த பெண் நான். ஒருமுறை இல்லை, நான்கு முறை. அப்போதெல்லாம் நடந்து வரும் வழியில் என்னென்ன பார்த்தேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன், ஒரு வீட்டு வாசலில் கிளிக்கூண்டுக்குள் தக்காளிச் செடி வைத்திருந்தார்கள், அது பஸ்ஸிலிருந்து தெரிந்திருக்காது. டீச்சரம்மா மறுபடி வருகிறார். சிரிக்கிறார். நான் இந்த முறை தரையைப் பார்ப்பதற்குப் பதில் அவருடைய ஷூவைப் பார்த்தேன், இது முன்னேற்றம். அவரோடு நடக்கும் இன்னொரு அம்மா, "பொண்ணு ஆர்மிக்குப் போகுதாம்" என்கிறார், "இதா?" என்கிறார் டீச்சரம்மா. இதா. காதில் இயர்போன் இல்லாததன் பலன். கோல் கம்பம். "ரெண்டு."

ரெண்டா.

ரெண்டு என்றாரா, மூணு என்றாரா. ரெண்டு. உதடு குவியவில்லை, பார்த்தேன். ஆனால் எனக்கு மூன்று போலத் தோன்றுகிறது. தோன்றுவதை வைத்து என்ன செய்வது, ஓடும்போது எல்லாமே அதிகமாகத்தான் தோன்றும். இல்லை, நிதானமாக யோசி. மூச்சு வாங்குகிறது, நிதானமாக யோசிக்க முடியவில்லை, இருந்தாலும் யோசி, எம்.எஸ்சி. கணிதம், பல்கலைக்கழகத்தில் நான்காம் இடம், ஒன்றிலிருந்து ஆறுவரை எண்ணுவதற்கு ஆள் வைத்து ஓடுகிறாய். சுற்று நினைவில் இல்லை, நினைத்தது நினைவில் இருக்கிறது. டிரங்குப் பெட்டியும் அம்மாவின் கொண்டையும் ஒரு சுற்று. மண்டியும் செத்துப்போன தோசையும் ஒரு சுற்று. குரலும் பஸ்ஸும் தக்காளிச் செடியும் ஒரு சுற்று. மூன்று. ஒவ்வொன்றின் கடைசியிலும் கோல் கம்பம் இருந்தது, ஒவ்வொரு கம்பத்திலும் அப்பா இருந்தார். அவர் சொன்னது, லாபம், ஒண்ணு, ரெண்டு. லாபம், ஒண்ணு, ரெண்டு. லாபம் என்றால்... ஐயோ. லாபம் எண்ணிக்கையில் சேராது. ஓரமாகப் போட்டுவிடுவார். முதல் சுற்றை ஓரமாகப் போட்டுவிட்டார் அப்பா. பதினெட்டு நாளும் போட்டிருக்கிறார். நான் ஷைனி அக்காவின் குரலுக்குள் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினேன், அவர் "கடைசி" என்று கையை ஆட்டும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பேன், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். நான் ஓடிக்கொண்டிருந்தது ஏழு சுற்று. பொறு, உடனே நம்பாதே, உனக்குச் சாதகமாக வரும் விடையை இரண்டு முறை சரிபார்க்கவேண்டும் என்று விசாலாட்சி மேடமே சொல்லியிருக்கிறார். நேற்று பதினான்கு ஐம்பத்தைந்து, எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து வினாடி. ஏழால் வகுத்தால் நூற்று இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஆறால் பெருக்கினால் எழுநூற்று அறுபத்தேழு. பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தேழு வினாடி. நேற்று நான் பன்னிரண்டு நாற்பத்தேழு. பதினைந்து பத்து ஓடினேனே ஒரு நாள், அதைக் கணக்குப் போட்டால் சரியாகப் பதிமூன்று, அது ஆறு நாளைக்கு முன்னால். ஆறு நாளாகத் தேறிக்கொண்டே இருக்கிறேன், தெரியாமல். ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது வினாடி குறைக்கவேண்டும் என்று நோட்டில் எழுதி, அதை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்தேன். சிரிப்பு மன்றத்துக்காரர்கள் ஹஹ்ஹா என்கிறார்கள், பொருத்தமான இடத்தில். "மூணு" என்கிறார் அப்பா, அவருடைய முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை, நான் கடக்கும்போது பாட்டிலை லேசாக உயர்த்துகிறார், வேண்டுமா என்று.

நான்கு முடிந்துவிட்டது. இது ஐந்து. சந்தோஷமாக இருக்கவேண்டும், இருக்கிறேன், கால்கூட லேசாகிவிட்டது, ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் எதுவோ ஒன்று, தண்ணீருக்குள் கால் வைத்ததும் தட்டுப்படுகிற கல் மாதிரி. என்ன அது. தோசை. தோசைதான். பதினான்கு ஐம்பத்தெட்டு என்று வந்த நாள் வீட்டுக்குப் போய் நான் ஐந்து தோசை சாப்பிட்டேன். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான், பதினைந்து இரண்டு, ஐந்து தோசை, குளிக்கும்போது பாட்டு. தோற்ற நாளெல்லாம் எனக்கு நன்றாகப் பசித்தது. அம்மா, ஓடுவதால் பசி என்று நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய். நேரம் வராவிட்டால் போகவேண்டாம், போகவேண்டாம் என்றால் நாற்பது பேர் முன்னால் வாயைத் திறக்கவேண்டாம், யாரும் என்னைக் கோழை என்று சொல்லமுடியாது, முயற்சி செய்தாள் பாவம், கால் ஒத்துழைக்கவில்லை என்பார்கள். கால் ஒத்துழைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் காலைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன். மேடம் சொன்ன அந்தத் துறை அறை எனக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே மே மாதத்தில் பூக்கிற மஞ்சள் கொன்றை, மரமேசை, அதில் எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன மைக்கறை, கரும்பலகைக்கு முன்னால் நின்று மெல்லப் பேசினால் முதல் இரண்டு பெஞ்சுக்குக் கேட்கும், அது போதும், பின் பெஞ்சுக்காரர்கள் எப்படியும் கேட்பதில்லை. நல்ல வேலைதான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போதும் முடியும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது எனக்குக் கைவந்த கலை. அவர் "அஞ்சு" என்று சொல்லும்போது தாண்டிப் போய், ஏழாவதையும் ஓடி, பதினான்கு ஐம்பதில் நின்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏழு மணிக்கு மேடத்துக்குப் போன் செய்யலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு இவ்வளவு தெரிந்துவிட்டதே, இந்தச் சனியன் பிடித்த கண்ணைக் கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேனே. விரிசல் விட்ட பலகை எதுவென்று தெரிந்த பிறகு அதில் எப்படிக் கால் வைப்பது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும், எனக்கு அந்த டிரங்குப் பெட்டி பிடித்திருக்கிறது. நேற்று யாரும் இல்லாதபோது அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்தேன். கழுத்து வலித்தது. இறங்கி, மறுபடி ஏறினேன். கல்லூரி வேலைக்குப் போகிறவள் எதற்கு இரண்டாம் தடவை ஏறவேண்டும். "நாலு" என்கிறார் அப்பா, இந்தத் தடவை சத்தமாக, எனக்கு உற்சாகம் கொடுக்கிறாராம், "இன்னும் ரெண்டே ரெண்டு அம்மிணி, மூச்சை வுட்றாதே."

இல்லைங்கப்பா, ஒன்றுதான். தாண்டி வந்த பிறகுதான் தோன்றுகிறது, அப்போதே சொல்லியிருக்கலாம், பக்கத்தில் இருந்தாரே, மெல்லச் சொன்னாலே கேட்டிருக்கும். வழக்கம்போல. சொல்லவேண்டியது எல்லாம் எனக்கு நான்கு அடி தாண்டித்தான் வரும். சரி, அடுத்த முறை கோட்டைத் தொடும்போது நின்றுவிடலாம், நின்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நின்று, மூச்சு வாங்கி, விளக்கி, அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எந்தப் பொத்தான் என்று தேடி அமுக்குவதற்குள் இருபது வினாடி போய்விடும், முப்பதுகூடப் போகும், அப்புறம் அது என் நேரம் இல்லை, கழித்துப் பார்த்துக்கொள்கிற நேரம். கழித்துப் பார்த்துக்கொண்டு நான் அங்கே போகமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், அகாடமிக்காகப் பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அந்த முப்பது வினாடி நாற்பதாகிவிடும். அவர் இப்போதே விரலைப் பொத்தான்மேல் வைத்திருக்கவேண்டும். அப்படியானால் வளைவிலேயே சொல்லவேண்டும். வளைவிலிருந்து கம்பத்துக்கு எண்பது மீட்டராவது இருக்கும். நடுவில் டீச்சரம்மா, அவரோடு நடக்கும் அம்மா, பந்து உதைத்துப் பழகும் நான்கு பேர், அந்தப் பக்கம் சிரிப்பு மன்றம். தொடை எரிகிறது. அப்பா எங்கே, அப்பா பாட்டிலின் மூடியைத் திறந்து அவரே குடிக்கிறார், முகம் வானத்தைப் பார்த்து இருக்கிறது, போன் சட்டைப்பைக்குள், கடவுளே, சட்டைப்பைக்குள். வளைவு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். இன்னொரு முறை திறந்தேன், வயிற்றுக்குள்ளிருந்து, தொப்புளுக்குக் கீழேயிருந்து எதுவோ கிளம்பி வந்தது, என் குரல் என்று சொல்லமுடியாது, எனக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை.

"அப்பா! போனை எடுங்க! நான் கோட்டைத் தொட்டதும் அமுக்குங்க!"

பந்து நின்றது. சிரிப்பு மன்றத்தில் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அப்பா பாட்டிலைக் கீழே போட்டார். "என்னம்மிணி, இன்னும் ஒண்ணு இருக்குதே" என்று அவர் சொல்வது உதட்டில் தெரிந்தது, "அமுக்குங்க" என்று மறுபடி கத்தினேன், முதல் தடவை கத்தியவளுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை, போன் வெளியே வந்தது, கண்ணாடி இறங்கியது, கோடு, கோடு, கோட்டின்மேல் கால்.

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணலில் ஓர் எறும்பு, தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு போகிறது.

"எவ்வளவுங்கப்பா?"

"பன்னண்டு நாப்பத்திமூணு காட்டுது. ஆனா அம்மிணி, முடியலியே, அஞ்சுதானே ஆச்சு. ஏன், கால் புடிச்சுக்கிச்சா?"

"ஆறுங்கப்பா. நீங்க லாபத்தை எண்ணல."

"லாபத்தை எப்படி எண்ணறது?" அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு குற்றச்சாட்டை வைத்ததில்லை. "லாபம் எங்கியாச்சும் கணக்குல வருமா?"

"மண்டில வராதுங்கப்பா. நான் ஓடினது காலுல."

அப்பா கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். அவருடைய வாய் அசைந்தது, லாபம், ஒண்ணு, ரெண்டு. முகம் மாறிக்கொண்டே வந்தது, பார்க்கக் கஷ்டமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும்.

"அப்ப பதினெட்டு நாளும்?"

"இன்னைக்கு விட்டுட்டா பதினெட்டு. ஏழு ஏழாத்தான் ஓடியிருக்கறேன்."

"அட கெரகமே. புள்ளைய இப்படிப் போட்டு... நீயாவது சொல்லியிருக்கலாமில்ல சாமி? கணக்குப் படிச்சவதானே?"

"காதுல மாட்டியிருந்தேனுங்க."

"நல்லா மாட்டுன." கோல் கம்பத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலை எடுத்து மணலைத் தட்டி என்னிடம் கொடுத்தார். பிறகு போனைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "அப்ப பதிமூணுக்குள்ள வந்துருச்சு."

"வந்துருச்சுங்க."

"அப்ப போறதுதான்."

அந்த 'தான்' வருவதற்கு முன்னால் அவர் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். தினமும் என் கூடவே வந்து, தினமும் பதினான்கு ஐம்பத்து எத்தனையோவைப் பார்த்து, "பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, வீட்டுக்குப் போய் அவரும் ஐந்து தோசைதான் சாப்பிட்டார். அவரும் பசி என்றுதான் நினைத்திருப்பார். நான் இதைச் சொல்லமாட்டேன். பார்த்ததை எல்லாம் சொல்லவேண்டும் என்று இல்லை.

"போறதுதானுங்கப்பா" என்றேன். "போனைக் குடுங்க. மணி ஏழாகப் போகுது, ஒருத்தருக்குப் பேசணும்."

விசாலாட்சி மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். நேற்றிரவு இந்தப் பேச்சை மூன்று விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன், மூன்றும் மன்னிப்பில் தொடங்கி, உடம்பு சரியில்லாத ஏதோ ஒன்றில் போய் முடியும். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இதயம் இன்னும் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், தாரணி பேசறேன். அந்த வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க மேடம். நான் ட்ரெய்னிங் போறேன்."

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, எப்போதும் போல மெல்ல, "சரிம்மா, ரொம்ப சந்தோஷம். அதுக்கு ஏன் இப்படிக் கத்தற?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மைதானம் முழுக்க நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, டீச்சரம்மா உட்பட. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே பெருமையாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

மன்னிச்சுக்குங்க மேடம் என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.